நடக்க வைத்தவள்

இது நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு, தீபாவளி முடிந்த கையோடு. கோல சிலாங்கூரிலிருந்து ஜெராம் போகிற வழியில் எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, இருக்கிறது. இங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்து லயத்தில் இருந்த குடும்பங்கள்தான். லயத்தை உடைத்தபோது இந்த வரிசை வீடுகளுக்கு வந்து சேர்ந்தோம். தாமானுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், அதன் மேல் ஒரு சின்னப் பாலம், அதைத் தாண்டினால் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காடு. காட்டுக்கு நடுவே குலை ஏற்றுகிற லோரிகள் போய்வரும் செம்மண் சாலை. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ரவிக்கைத் துணி கொண்டு வருகிறவர்கள் ஊர்க்கதையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அக்கா வீடு என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. மாமா, அதாவது அக்காவின் கணவர், காலம் முழுக்கக் குலை லோரி ஓட்டியவர். வேலை செய்த காலத்தில் லோரியில் உட்கார்ந்தே இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். கையில் சிகரெட், பக்கத்தில் டின் பாலைத் தாராளமாக ஊற்றிய தே தண்ணி. அந்த வழியாகப் போகிற வருகிற யாரையும் கிண்டல் பண்ணாமல் விடமாட்டார். என்னைக் கண்டால் போதும், "என்னா தையக்காரம்மா, இன்னிக்கு யாரு துணிய கெடுத்தே?" என்று ஆரம்பிப்பார். நானும் சும்மா விடமாட்டேன், "உங்க வாயத்தான் தைக்கணும், நூலு பத்தலன்னு பாக்குறேன்" என்பேன். அப்படி ஒரு நல்ல மனிதர்.

ஒரு நாள் கிளினிக்கில் சோதித்துப் பார்த்தால் அவருக்கு இரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது, சீனியும் ஏறியிருக்கிறது. "மருந்து மட்டும் பத்தாது அங்கிள், தெனம் நடக்கணும்" என்று நர்ஸ் மிஸ்ஸி, அக்காவின் எதிரிலேயே திட்டி அனுப்பியிருக்கிறாள். மாமா அதையும் வேடிக்கையாக்கித் தாமான் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "லோரி ஓட்டுனவனப் புடிச்சு நடக்கச் சொல்றாங்க லா! அப்புறம் லோரி எதுக்குக் கண்டுபுடிச்சான்?" எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

என் அக்கா என்னைப் போல இல்லை. பேச்சே குறைவு. ஆனால் மனசில் ஒன்றை நினைத்துவிட்டால் மலையே வந்தாலும் அசையமாட்டாள். மறுநாள் டவுனுக்குப் போனவள், மாமாவின் அளவுக்கு வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து ஒரு ஜோடி வாங்கி வந்தாள். பள்ளிப் பிள்ளைகள் போடுவார்களே, அதேதான். நாற்காலிக்கு முன்னால் அதை வைத்துவிட்டு, "எந்திரிங்க" என்றாள். மழை வரும் போல இருக்கிறது என்றார். குடையை எடுத்தாள். நாய் துரத்தும் என்றார். கம்பை எடுத்தாள். முட்டி வலிக்கிறது என்றார். "அதுக்குத்தான் நடக்கச் சொல்றாங்க" என்றாள். மனிதர் வேறு வழியில்லாமல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தாமான் பிள்ளைகள் எல்லாம், "தாத்தா ஸ்கூலுக்குப் போறாரு" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடின.

முதலில் பாலம்வரை போய்த் திரும்பினார்கள். பிறகு முதல் வளைவுவரை. போகப் போக, சாயங்காலம் ஆனால் மாமாவே முதல் ஆளாகக் கேட்டில் நின்று, "என்னாடி, இன்னும் கெளம்பலயா?" என்று அக்காவை அவசரப்படுத்த ஆரம்பித்துவிட்டார். என் தையல் மெஷின் சன்னல் ஓரம்தான் இருக்கிறது. இருவரும் போவதை அங்கிருந்தே பார்ப்பேன். மாமா முன்னால் கையை வீசிக்கொண்டு போவார், அக்கா கம்போடு பின்னால் போவாள். கல்யாணம் ஆகி இத்தனை காலத்தில் அவர்கள் சேர்ந்து வெளியே நடந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். டின் பால் போனது, சிகரெட்டும் குறைந்தது. கிளினிக்கில் இப்போது மிஸ்ஸி பாராட்டுகிறாள் என்று அதையும் தாமான் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவரைப் பார்த்துத் தாமான் பெண்கள் சிலரும் நடக்க ஆரம்பித்தோம். எங்கள் நடையில் பேச்சுத்தான் அதிகம் என்பது வேறு விஷயம்.

அந்தத் தீபாவளிக்கு முந்தைய வாரம் மாமா அடிக்கடி இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நடக்கும்போது இழுக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்றார். அக்கா என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல, ஆங்கின்தான்" என்றார். எங்கள் பக்கத்தில் எந்த வலிக்கும் இதுதான் பெயர். தோள் வலித்தாலும் ஆங்கின், நெஞ்சு அடைத்தாலும் ஆங்கின். உடம்பில் காற்று புகுந்துகொண்டது, தைலம் தேய்த்து ஓர் ஏப்பம் விட்டால் போய்விடும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. அக்காவும் தைலம் தேய்த்துவிட்டாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

தீபாவளி முடிந்து பலகாரம் கூடத் தீரவில்லை. அன்று சாயங்காலமும் இருவரும் வழக்கம்போலக் கிளம்பினார்கள். திரும்பி வரும்போது, பாலத்துக்குப் பக்கத்தில், "கொஞ்சம் நில்லு" என்று சொல்லிவிட்டு மாமா பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அக்கா போட்ட சத்தம் என் வீட்டுவரைக்கும் கேட்டது. நான் ஓடிப் போவதற்குள், குலை ஏற்றிக்கொண்டு வந்த டிராக்டரை நிறுத்தி, தோட்டத்தில் வேலை செய்கிற வங்காளதேசத்துப் பையன்கள் அவரைத் தூக்கிக் குலைகளுக்கு மேலேயே படுக்க வைத்திருந்தார்கள். அக்கா ஒரு கையால் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் அந்த வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஏன் கழற்றினாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள்.

மறுநாள் வீட்டு முன்னால் கூடாரம் போட்டாயிற்று. ஜனம் கூடியது. மாமாவுக்கு ஓர் அக்கா, என் அக்காவுக்கு நாத்தனார், தஞ்சோங் காராங்கிலிருந்து வந்து இறங்கினார். தாய் சின்ன வயசிலேயே போய்விட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்ததே அவர்தான். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல வந்தார். வந்தவர் மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு, என் அக்காவைப் பார்த்துக் கத்தினார்.

"வீட்டுல உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருந்த மனுசன! நடக்க வச்சே கொன்னுட்டியேடி!"

கூடாரமே கேட்டது. பெண்கள் சிலர் தலையை ஆட்டினார்கள். "அந்த வயசுல நடை எதுக்கு? உடம்பு தாங்க வேணாமா?" என்று ஓர் ஆண் குரல் நாற்காலிப் பக்கமிருந்து வந்தது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். துக்க வீட்டில் சண்டை வேண்டாம் என்கிறாள் என்று நினைத்து அடங்கிப் போனேன். அக்கா அழவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அதற்குள் யாரோ பாலத்துச் சுவரில் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்துவிட்டார்கள். காற்றுக் கருப்பு இருக்கிற இடமாம். தாமான் பெண்கள் நடப்பதை விட்டார்கள். பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடுவதில்லை. ரவிக்கை தைக்க வந்தவள் ஒருத்தி, "சாயங்காலம் ஆனா அவரு அங்க நடக்குறாராம்லா" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "உயிரோட இருக்கும்போது அவர எழுப்பி நடக்க வைக்க என் அக்கா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். செத்தப்புறம் யாரும் கூப்பிடாம நடக்குறாரா? போடி, உன் துணிய நீயே தச்சுக்கோ" என்று துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் இன்றுவரை என்னிடம் வரவில்லை, போகட்டும்.

அக்காவும் நடக்கப் போகவில்லை. வெளியிலேயே வரவில்லை. மாமா உட்கார்ந்திருந்த அதே நாற்காலியை வீட்டுக்குள் போட்டு, டிவிக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். துக்கம், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நான் விட்டேன். கொஞ்ச நாள் என்றது மாதங்களாகிவிட்டது. அக்காவுக்கும் சீனி உண்டு. மாமாவோடு நடந்த காலத்தில் அவளுக்கும்தான் இறங்கியிருந்தது. இப்போது கிளினிக்குப் போகிற நாளைத் தவறவிட்டாள், மாத்திரையை நினைத்தபோது போட்டாள், யார் எதைக் கொண்டு வந்து கொடுத்தாலும் சாப்பிட்டாள். டின் பால் தே திரும்ப வந்தது. ஜொகூரில் வேலை செய்கிற மகன் தினம் போனில் கெஞ்சினான். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிடுவாள்.

நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். "பாலத்துப் பக்கம் வேணாம். கோயில் பக்கம் நடப்போம் வா. நானும் வரேன்" என்பேன். "காலு வரலடி" என்பாள், அவ்வளவுதான். ஒரு தடவை கோபத்தில், "இப்படியே உக்காந்து உக்காந்து நீயும் போய்ச் சேரப் போறியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "போனா என்ன?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நாத்தனார் மோசமானவர் இல்லை. வாரம் தவறாமல் பஸ் ஏறி வருவார். கருவாட்டுக் குழம்போ கீரையோ ஏதாவது சமைத்துத் தூக்கிக்கொண்டு வருவார். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து தலை சீவிவிடுவார். அன்று கூடாரத்தில் சொன்னதைப் பற்றி ஒரு பேச்சுக் கூடத் திரும்ப எடுத்ததில்லை. சொன்னதே அவருக்கு நினைவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சொன்னவர் மறந்துவிட்டார், கேட்டவள் மறக்கவில்லை. எனக்கும் அது அப்போது தெரியாது.

மாமாவுக்கு முதல் வருஷத் திவசம் வந்தது. காலையில் அக்கா வீட்டில் அக்கா, நாத்தனார், நான் மூன்று பேரும் படையலுக்குச் சமைத்துக்கொண்டிருந்தோம். அக்கா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே விட்டாள். எடுக்கப் போனாள், வலது கை வரவில்லை. என்னைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. நாத்தனார் பதறிப்போய், "ஆங்கின்தான், தைலத்த எடு, தைலத்த எடு" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு வேகம் வந்ததோ தெரியவில்லை. "ஆங்கினும் வேணாம் மண்ணும் வேணாம், புடிங்க அந்தக் கைய!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் காரை எடுத்தார். அடுப்பில் வைத்த சோறு அப்படியே கிடந்தது.

ஸ்ட்ரோக் என்றார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நாம் பேசுவது எல்லாம் புரிகிறது, பதில் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது. சீனியும் அழுத்தமும் தலைக்கு மேல் போயிருந்ததாம்.

வார்டில் சின்ன வயசுத் தமிழ் டாக்டர் ஒருத்தி இருந்தாள். அவசரமில்லாமல் பேசுகிற பெண். ஒரு நாள் மதியம், அக்காவைச் சோதித்துக்கொண்டே, முன்பு உடற்பயிற்சி ஏதும் செய்வார்களா என்று என்னைக் கேட்டாள். அவ்வளவுதான், எனக்கு உடைந்துவிட்டது. மாமா கதை, சப்பாத்து, தோள் வலி, பாலம், நடையை விட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாத்தனார் கஞ்சி பிளாஸ்க்கோடு கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் என்னிடம் சொல்லாமல், கட்டிலில் உட்கார்ந்து அக்காவைப் பார்த்தே சொன்னாள். "ஆன்ட்டி, நெஞ்சுல ரத்தக் கொழாய் அடைக்கிறது ஒரு நாள்ல வர்றது இல்ல. வருசக் கணக்கா சிகரெட்டு, சீனி, அழுத்தம், உக்காந்தே செஞ்ச வேல, எல்லாம் சேந்து அடைச்சது. அங்கிள் நடந்தது அவருக்கு நல்லதுதான் செஞ்சிருக்கும். தோளு இழுத்தப்ப நடைய நிறுத்திட்டுக் கிளினிக் வந்திருந்தா ஒருவேள பாத்திருக்கலாம். அது அவருக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல. அன்னிக்கு வீட்டுல உக்காந்திருந்தாலும் அது வந்திருக்கலாம்."

நான் இடையில் புகுந்து, "அப்ப நடந்தா நோய் வராதுன்னு சொல்றாங்களே, டாக்டர்?" என்றேன். என் வாய் அப்படி.

"வராதுன்னு யாரும் கையெழுத்துப் போட்டுக் குடுக்க முடியாதும்மா. வர்ற ஆபத்து கொறையும். அது நெசம். ஆனா கொறையும், அவ்வளவுதான்" என்றாள்.

அக்காவின் வாய் அசைந்தது. என்னவோ சொல்லப் பார்க்கிறாள். டாக்டர் குனிந்து, "மெதுவா சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள். கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து இழுத்து வெளியே கொண்டு வந்தாள்.

"அப்ப... நான்... கொல்லலயா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வருஷமாக என் அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது துக்கத்தினால் இல்லை. தனக்குத் தானே போட்டுக்கொண்ட தண்டனை. புருஷனை நடக்க வைத்துக் கொன்றவள் இனி நடக்கக் கூடாது என்று தனக்குள்ளேயே தீர்ப்புச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். டிராக்டரில் அந்தச் சப்பாத்தை ஏன் அப்படி அவசரமாகக் கழற்றினாள் என்பதும் எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது; நாத்தனார் சொல்வதற்கு முன்பே அவளுக்கு அப்படித் தோன்றிவிட்டிருக்கிறது. அடிப்பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"இல்ல ஆன்ட்டி. நீங்க கொல்லல" என்றாள் டாக்டர்.

அக்கா அழுதாள். மாமா செத்த அன்று அழாதவள், கோணிய வாயோடு, சத்தமே வராமல் அழுதாள். நாத்தனார் பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். முந்தானையால் அக்காவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அக்காவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது உண்மை. உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்த பெண்ணிடம், நடக்க வேண்டும், நடக்க வேண்டும் என்று சைகை காட்டுவாள். இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்ப்பாள். வீட்டுக்கும் அழைத்து வந்தோம். என்னையும் நாத்தனாரையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, சமையலறைவரை காலை இழுத்து இழுத்துப் போனாள். பிழைத்துவிடுவாள் என்று நம்பினேன். தை பிறப்பதற்குள் இரண்டாவது தடவை வந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

மறுபடியும் அதே வாசலில் கூடாரம். அதே ஜனம். நான் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து பேச்சு வந்தது. "புருசன் போனதுலேந்து நடக்கறத விட்டுட்டா. ஒழுங்கா நடந்திருந்தா பொழச்சிருப்பா." ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி, "அதானே" என்றாள். மாமா நடந்ததால் செத்தார் என்று தலையாட்டிய அதே ஆட்கள், அக்கா நடக்காததால் செத்தாள் என்றும் தலையாட்டினார்கள். நாத்தனார் எழுந்து நின்று, "போதும், வாய மூடுங்க எல்லாரும்" என்றார்.

அக்கா நடந்திருந்தால் இன்று இருந்திருப்பாளா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. இருந்திருக்கலாம் என்று மனசு அடித்துக்கொள்கிறது. டாக்டர் சொன்னதை நம்பி நான் சாயங்காலம் நடக்கிறேன், கூப்பிட்டால் வருகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். தோள் இழுக்கிறது, நெஞ்சு அடைக்கிறது என்று யாராவது சொன்னால், ஆங்கின் என்று சொல்ல விடாமல் கிளினிக்குப் பிடித்துத் தள்ளுகிறேன். ஆனால் எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும், கதறி அழுகிறவர்களை விட்டுவிட்டு, அழாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பவளைத் தேடிப் போய், "உன்னால இல்ல" என்று முதலில் சொல்லிவிடுகிறேன்; ஒரு வருஷம் முழுக்க இந்தத் தாமானில் ஒருவருக்குமே அதை என் அக்காவிடம் சொல்லத் தோன்றவில்லை.